ஒளிப்படக் கலையும் உயிர்த்தமிழும்

ஒளிப்பட ஆர்வலர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துரு

 

ஒளிப்பட ஆர்வலர் இருவர் ஓரிடத்தில் கூடினால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் தாம் புதிதாக வாங்கிய கருவியை எடுத்துக் காட்டுவார். மற்றவர் அதனைக் கையில் வாங்கி எடை பார்ப்பார். கண்ணருகே வைத்துப் பார்ப்பார். எந்த வில்லை ஓரங்களிலும் கூர்மை குன்றாதது, எது மாலை மங்கலில் கைகொடுக்கும், பறவையைப் பறக்கும்போதே பதிவு செய்வது எப்படி, அருவி நீரைப் பட்டு விரித்தாற்போலக் காட்டுவது எப்படி என்று தொடங்கினால் பொழுது போவதே தெரியாது. கலையின்மேற் கொண்ட காதல் அது. பழித்தற்குரியதன்று, போற்றுதற்குரியது.

ஆயின், அப் பேச்சைச் சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள். ‘இந்த இலென்சை ஒய்டு ஓப்பனில் யூசு பண்ணினால் பேக்கிரவுண்டு நல்லா பிளர் ஆகும்.’ இப்படி ஒரு தொடர் வந்து விழும். இதில் தமிழ் எவ்வளவு? ‘இந்த’ என்னும் சுட்டு ஒன்று. ‘நல்லா’ என்னும் அடை ஒன்று. பண்ணுதல், ஆகுதல் என்னும் வினைகள் இரண்டு. வேற்றுமை உருபுகள் இரண்டு. பொருள் தரும் சொல் ஒவ்வொன்றும் கடன். அவற்றைக் கட்டும் கயிறு மட்டுமே தமிழ்.

இதனையே, ‘இவ் வில்லையின் துளையை முழுதும் திறந்து வைத்தால் பின்புலம் நன்கு மங்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். முன்னதைக் கேட்ட சிற்றூர்ச் சிறுவனுக்கு ஒன்றும் விளங்காது. விளங்காமலேயே ஒப்பிக்கக் கற்றுக்கொள்வான். பின்னதைக் கேட்டவனோ, வில்லைக்குள் ஒரு துளை உண்டு. அதனைத் திறக்கவும் சுருக்கவும் இயலும். திறந்தால் பின்புலம் மங்கும் என மூன்று உண்மைகளை ஒரே தொடரில் அறிந்துகொள்வான். மொழியே ஆசிரியனாகிவிடுகின்றது. ஆகவே, இங்கு எழும் வினா மொழிப்பற்றை மட்டும் பற்றியதன்று. அறிவு யாருக்கு உரியது, அது யாருக்கு மூடப்பட்டுள்ளது என்பதே உண்மையான வினா.

சொற்கள் பிறந்த வீடு

‘காமிரா’, ‘இலென்சு’, ‘போகசு’ என்னும் சொற்கள் அறிவியலுக்கென்றே வானத்திலிருந்து இறங்கிவந்தவை போலத் தமிழர் பலர் கருதுகின்றனர். அவை பிறந்த வீட்டைச் சென்று பார்த்தால் அம் மயக்கம் தெளியும்.

‘காமிரா’ என்னும் இலத்தீனச் சொற்கு அறை என்பதே பொருள். இருண்ட அறையொன்றின் சுவரில் சிறு துளையிட்டால் வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த அரபு அறிஞர் இபுனு அல்ஐதம் இதனை ஆய்ந்து எழுதினார். பின்னர் மேலையர் அவ் வமைப்பை இலத்தீனில் ‘இருட்டறை’ என்று அழைத்தனர். அத் தொடரில் இருட்டு உதிர்ந்து அறை மட்டும் எஞ்சியதே ‘காமிரா’.

‘இலென்சு’ என்பது இலத்தீனில் ஒரு பருப்பின் பெயர். இங்குக் கடைகளில் மைசூர்ப் பருப்பு என விற்கப்படும் அதே பயறு. நடுவில் புடைத்து ஓரத்தில் மெலிந்த அதன் வடிவு கண்ணாடித் துண்டிற்கும் இருந்தமையால் பருப்பின் பெயர் கண்ணாடிக்கு ஆகிவந்தது. ‘போகசு’ என்றால் அடுப்பு. கதிர்கள் ஒருங்குகூடிச் சுடும் புள்ளிக்கு, வானியல் அறிஞர் கெப்ளர் 1604-இல் அடுப்பின் பெயரைச் சூட்டினார். ‘அப்பர்ச்சர்’ என்றால் திறப்பு. ‘சட்டர்’ என்றால் மூடுவது. சாளரக் கதவிற்கும் அதுவே பெயர்.

அறை, பருப்பு, அடுப்பு, திறப்பு, கதவு! ஒரு வீட்டின் அடுக்களையைச் சுற்றிவந்தால் கிடைக்கும் சொற்கள் இவை. வீட்டுச் சொல்லை அறிவியற் சொல்லாக உயர்த்த அவர்கள் நாணவில்லை. தமிழனோ துளையைத் துளை என்று சொல்ல நாணுகின்றான். பிறர் வீட்டு அடுப்பின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நெஞ்சு நிமிர்த்துகின்றான்!

பிரான்சு நாட்டு நியெப்சு 1826-27 அளவில் தம் வீட்டுச் சாளரத்திலிருந்து எடுத்த காட்சியே இன்றளவும் எஞ்சியுள்ள ஒளிப்படங்களுள் மிகப் பழையது. அவரோடு கூட்டுச் சேர்ந்திருந்த தாகுவேர் கண்ட முறை 1839-ஆம் ஆண்டு ஆகத்து 19-ஆம் நாள் உலகறிய வெளியிடப்பட்டது. அதே 1839-இல் ஆங்கில அறிஞர் சான் எர்செல், ஒளி என்றும் வரைதல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்துக் கலைக்குப் பெயரிட்டார். அவர்க்கு முன்பே ஓரிருவர் அச்சொல்லை ஆண்டிருந்தாலும் அதனை நிலைநாட்டியவர் அவரே. எதிர்ப்படம், நேர்ப்படம் என்னும் பாகுபாட்டிற்குப் பெயர் நிலைத்ததும் அவராலேயே. கலை பிறந்த ஆண்டிலேயே பெயரும் பிறந்தது. தமிழ் அதே ஒளியைக் கொண்டு ‘ஒளிப்படம்’ என்று சொல்கின்றது. ‘புகைப்படம்’ என்று இன்னும் எழுதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்: இக் கலையில் புகைக்கு என்ன வேலை? படத்தை வரைவது ஒளி, புகையன்று.

செருமானியரும் சப்பானியரும்

இக் கலையின் கருவிகளைச் சிறப்புறச் செய்து உலகிற்கு விற்ற நாடுகள் இரண்டு: செருமனியும் சப்பானும். ஆங்கிலம் இரண்டிற்கும் தாய்மொழியன்று.

கார்ல் சைசு 1846-இல் யேனா நகரில் பட்டறை தொடங்கினார். எர்ணசுட்டு ஆபே வில்லைகட்குரிய கணக்கியலை வகுத்தார். ஓட்டோ சோட்டு 1884-இல் அங்கேயே கண்ணாடி ஆலை நிறுவிப் புதுவகைக் கண்ணாடிகளை ஆக்கினார். ஆசுக்கார் பார்நாக்கு என்னும் பொறியறிஞர் திரைப்படச் சுருளைக் கொண்டு 24-க்கு 36 மி.மீ. அளவில் படமெடுக்கும் சிறு கருவியை உருவாக்கினார்; அது 1925-இல் ‘இலைக்கா’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்து கையடக்கக் கருவிகளின் ஊழியைத் தொடங்கியது. இவர்கள் எந்த மொழியில் எண்ணினர்? குவியத் தொலைவைச் செருமானியர் ‘பிரென்வைட்டு’ என்பர். எரிதொலைவு என்பது அதன் நேர்ப்பொருள். வில்லையால் வெயிலைக் குவித்துத் தாளைச் சுட்டெரித்து விளையாடிய எந்தச் சிறுவனுக்கும் அச்சொல் தானே விளங்கும்.

சப்பானில் 1917-இல் தோன்றிய ‘நிப்பான் கோகாக்கு’ நிறுவனமே பின்னர் ‘நிக்கான்’ எனப் பெயர்பெற்றது. சப்பானிய ஒளியியல் என்பதே அதன் பழம்பெயரின் பொருள்.

இங்கு ஓர் எதிர்ப்பு எழும். ‘சப்பானியரும் காமிரா, இலென்சு, சட்டர் என்னும் சொற்களைத் தம் நாவிற்கேற்பத் திரித்து வழங்குகின்றனரே! தமிழர் வழங்கினால் என்ன கேடு?’ என்பர். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. கருவியின் பெயர்கள் சிலவற்றை அவர்கள் கடன் கொண்டனர். ஆனால், கருவியை இயக்கும் எண்ணங்களை அவர்கள் கடன் கொள்ளவில்லை. ஒளிப்படத்தை, உண்மையைப் படியெடுப்பது என்னும் பொருளில் ‘சாசின்’ என்றனர். துளையைச் சுருக்குவதற்கு, ஈரத் துணியைப் பிழிவதைக் குறிக்கும் தம் வீட்டுச் சொல்லையே ஆண்டு ‘சிபோரி’ என்றனர். பண்டத்தின் பெயர் கடனாயிருந்தும் எண்ணம் தம்முடையதாக இருந்தது. தமிழ்நாட்டிலோ பண்டமும் கடன், பெயரும் கடன், எண்ணமும் கடன்!

இன்னொன்றையும் கேளுங்கள். குவியத்திற்குப் புறத்தே விழும் பகுதி மங்கும் என்பது எல்லா நாட்டாரும் அறிந்ததே. ஆயின், மங்கலிலும் அழகிய மங்கல், அழகற்ற மங்கல் என்னும் வேறுபாடு உண்டு. ஒரு வில்லையின் மங்கல் வெண்ணெய்போல் குழையும். மற்றொன்றின் மங்கல் இரட்டைக் கோடுகளாய்ச் சிதறிக் கண்ணை உறுத்தும். இத் தன்மையைச் சப்பானியர் ‘பொக்கே’ என்னும் தம் எளிய சொல்லால் சுட்டிப் பேசிவந்தனர். ஆங்கிலத்தில் அதற்கென ஒரு தனிச்சொல் வேரூன்றியிருக்கவில்லை. 1997-இல் அமெரிக்க ஒளிப்பட இதழொன்று அதுபற்றிக் கட்டுரைகள் வெளியிட்டது. அதன்பின் அச் சப்பானியச் சொல் ஆங்கிலத்திற்குள் புகுந்து உலகெங்கும் பரவியது. இன்று தமிழ் இளைஞனும் அதனை ஆங்கிலமென்றே எண்ணி ஒலிக்கின்றான். தன் மொழியில் எண்ணியவன் ஒரு நுட்பத்தைக் கண்டான்; பெயரிட்டான்; ஆங்கிலமே அவனிடம் கையேந்தியது. தன் மொழியைக் கைவிட்டவன் புதிதாக எதனைக் காண்பான்? பிறர் கண்டு பெயரிட்டதையே திரும்பத் திரும்பக் காண்பான்.

ஏரி மதகே இலக்கணம்

‘சொற்கள் இருக்கட்டும்; நுட்பங்களைத் தமிழில் சொல்ல இயலுமா?’ என்பார்க்கு விடை இதோ.

ஏரி மதகை அறியாத உழவன் தமிழகத்தில் இல்லை. வயலுக்குப் பாயும் நீரின் அளவு இரண்டைப் பொறுத்தது: மதகின் கண் எவ்வளவு திறந்திருக்கின்றது? எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றது? கண்ணை அகலத் திறந்தால் சிறிது நேரம் போதும்; சிறுகத் திறந்தால் நெடுநேரம் வேண்டும். வயலின் மண் எவ்வளவு நீரை வேண்டுவது என்பது மூன்றாவது. ஒளிப்படக் கலையின் அடிப்படை முழுதும் இதுவே. மதகின் கண்ணே வில்லையின் துளை. திறந்திருக்கும் நேரமே திறப்பு நேரம். மண்ணின் தன்மையே படச்சுருளின், அல்லது இன்றைய மின்னணுக் கருவியிலுள்ள உணரியின், ஒளியுணர்திறன்.

வில்லைமேல் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றைப் பொருளறியாமல் ஒப்பிப்போர் பலர். குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதே துளை எண். 50 மி.மீ. குவியத் தொலைவுடைய வில்லையில் துளையின் விட்டம் 25 மி.மீ. ஆனால் துளை எண் 2, 12.5 மி.மீ. ஆனால் 4. வகுக்கும் எண் சிறுத்தால் ஈவு பெருகுமன்றோ? அதனாலேயே துளை எண் பெருகப் பெருகத் துளை சிறுகும். விட்டம் பாதியானால் பரப்பு காற்பங்காகும், ஒளியும் காற்பங்காகும். இடையில் 2.8 என்னும் படி நிற்பதால், ஒவ்வொரு படியிலும் ஒளி சரிபாதியாகின்றது. படிக்குப்படி எண் ஏறத்தாழ 1.4 மடங்கு உயர்வதன் கரணியம் இதுவே. கணக்கு முழுதும் தமிழில் முடிந்தது, எங்கேனும் இடறிற்றா?

துளை எண் 8, திறப்பு நேரம் நொடியில் 125-இல் ஒரு பங்கு. துளை எண் 5.6, நேரம் 250-இல் ஒரு பங்கு. துளை எண் 11, நேரம் 60-இல் ஒரு பங்கு: இம் மூன்றும் ஒரே அளவு ஒளியையே தருகின்றன. பின் எதனைத் தேர்வது? அங்கேதான் கலை தொடங்குகின்றது. பறக்கும் மீன்கொத்தியின் சிறகைத் தெளிவுற நிறுத்த வேண்டுமாயின் நொடியில் 2000-இல் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய நேரம் வேண்டும். அருவியைப் பட்டுப்போல் ஒழுகவிட வேண்டுமாயின் கருவியை முக்காலிமேல் அசையாது நிறுத்தி, அரை நொடியோ ஒரு நொடியோ திறந்து வைக்கவேண்டும். தேரும் தெருவும் மக்களும் அண்மை முதல் சேய்மை வரை தெளிய வேண்டுமாயின் துளையைச் சுருக்க வேண்டும். முகத்தை மட்டும் தெளிவித்துப் பின்புலத்தை மங்கச் செய்ய வேண்டுமாயின் துளையைத் திறக்க வேண்டும். இவ்வாறு முன்னும் பின்னும் தெளிந்து நிற்கும் எல்லையைத் ‘தெளிவாழம்’ என்னலாம்.

கைநடுக்கத்திற்கும் ஒரு நெறி உண்டு. குவியத் தொலைவின் எண்ணையே திறப்பு நேரத்தின் கீழெண்ணாகக் கொள்க. 50 மி.மீ. வில்லைக்கு 50-இல் ஒரு பங்கு, 200 மி.மீ. வில்லைக்கு 200-இல் ஒரு பங்கு. அதனினும் நேரம் நீண்டால் முக்காலி தேடுக. முழுவெயிலுக்கும் ஒரு நெறி உண்டு. துளை எண் 16 ஆயின், ஒளியுணர்திறன் எண்ணையே நேரத்தின் கீழெண்ணாகக் கொள்க. உணர்திறன் 100 ஆயின் நொடியில் 100-இல் ஒரு பங்கு. அளவி பழுதானாலும் கதிரவன் பழுதாவதில்லை.

கருத்த முகமும் வெள்ளை வேட்டியும்

பிறர் அளவுகோலை அப்படியே ஏற்பதால் விளையும் கேட்டிற்கு ஒளிப்படக் கலைக்குள்ளேயே ஒரு சான்று உண்டு.

கருவியிலுள்ள ஒளியளவி, தன்முன் உள்ள எதனையும் நடுச்சாம்பல் நிறமாகவே எண்ணிக் கணக்கிடுகின்றது. கருத்த முகத்தை அண்மையில் காட்டினால், ஒளி குறைவென்று மயங்கி மிகுதியாக ஒளியை விடும். முகம் வெளிறிச் சாம்பல் பூக்கும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த முதியவரை முழு உருவாகக் காட்டினால், ஒளி மிகுதியென்று மயங்கி ஒளியைக் குறைக்கும். வேட்டி அழுக்கேறினாற்போல் மங்க, முகம் இருளில் மூழ்கும். ஊர்த் திருமணப் படங்களில் மணமக்களின் தாத்தாக்கள் முகமற்றுப் போனதன் கரணியங்களுள் இதுவும் ஒன்று. இதற்குத் தீர்வு, உருவிலிருந்து திரும்பும் ஒளியை அளவாமல் முகத்தின்மேல் விழும் ஒளியை அளப்பது. அன்றேல் முகத்தை மட்டும் தனித்து அளந்து, முகம் கருத்ததாயின் ஏறத்தாழ ஒரு படி ஒளியைக் குறைப்பது.

வண்ணப் படச்சுருளின் வரலாறு இன்னும் கசப்பானது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், படம் கழுவும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஓர் அளவட்டையை வைத்திருந்தன. கோடாக்கு நிறுவனம் வழங்கிய அவ் வட்டையில் இருந்தவள் வெள்ளைத்தோல் பெண்ணொருத்தி. முதற்கண் படமாக்கப்பட்டவளின் பெயரால் அது ‘சர்லி அட்டை’ எனப்பட்டது. அவள் தோல் சரியாகத் தோன்றினால் எல்லாம் சரி! கருநிறத்தாரின் முகம் எவ்வாறு தோன்றினும் கேட்பாரில்லை. பல நிறத்தாரையும் ஒருங்கே காட்டும் அட்டைகள் 1990-களில்தாம் வந்தன. பிறர் தோலை அளவாகக் கொண்ட படச்சுருளில் தமிழன் முகம் தெளியாது. பிறர் சொல்லை அளவாகக் கொண்ட உள்ளத்தில் தமிழன் எண்ணமும் தெளியாது.

தஞ்சைக் கல்வெட்டும் கானகக் கருவியும்

இக் கலைக்கும் தமிழுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராயிருந்த இலின்னேயசு திரைப்பு என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர் 1858-இல் தஞ்சையையும் மதுரையையும் படமாக்கினார். இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படத்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடர்படமாக ஆக்கினார். ஒளிப்படக் கலை பிறந்து இருபது ஆண்டு நிறைவதற்குள் கல்லில் நின்ற தமிழெழுத்து ஒளியால் தாளில் ஏறிவிட்டது! அவர் உழைப்பு நன்றிக்குரியது. ஆயின், தமிழெழுத்தைத் தேடிவந்தது அயலவன் கருவி. அக் கருவியைத் தேடிச் சென்ற தமிழனோ தமிழ்ச்சொல்லைத் தொலைத்துவிட்டு நிற்கின்றான். இம் முரணை என்னென்பது!

தொலைக்காதவர்களும் உண்டு. தமிழ்ப் புதினத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மாதவையாவின் மகன் மா. கிருட்டிணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் புகழ்பெற்றவர். ஒரு கருவியின் உடலையும் வேறொன்றின் தொலைவில்லையையும் பிற உறுப்புகளையும் தாமே ஒட்டிப் பிணைத்து அமைத்த கருவியோடு அவர் காடுகளில் அலைந்தார். ஆங்கிலத்தில் வல்லவராயினும் பறவைகளையும் விலங்குகளையும் பற்றித் தமிழிலும் எழுதினார். விலையுயர்ந்த கருவியே கலையென மயங்குவார்க்கும், ஆங்கிலமின்றி இயற்கையை எழுதவியலாது என்பார்க்கும் அவர் வாழ்க்கை ஒருங்கே விடையாகும்.

செய்ய வேண்டுவன

‘தமிழ்ச்சொற்கள் பழக்கமில்லாதவை, நாவில் வாரா’ என்பது இறுதித் தடை. துளை, வில்லை, முக்காலி, மூடி, திரை, சுருள்: இவற்றுள் நாவில் வாராதது எது? பேருந்தும் மிதிவண்டியும் ஒருகாலத்தில் புதுச்சொற்களே. வழங்கினால் பழகும்; பழகினால் இனிக்கும். நாவிற்குப் பழக்கம் வேண்டுமேயன்றிச் சொற்குக் குறைவில்லை.

ஆகவே, ஒளிப்பட ஆர்வலர்களே! வெளியூரில் விற்கும் கருவியை வாங்குவதில் இழுக்கில்லை. அதனைப் பற்றிப் பேசும்போது தமிழில் பேசுங்கள். கூடும்போதெல்லாம் பத்துச் சொற்களேனும் தமிழில் வரையறுத்து, பயன்படுத்திப் பார்த்து, பொருந்தாதவற்றைத் திருத்துங்கள். ஒளிப்பட நிலையங்களில் உதவியாளராய் உழைக்கும் இளைஞர்க்கு எண்களை ஒப்பிக்கக் கற்பிக்காமல் மதகையும் நீரையும் காட்டிக் கற்பியுங்கள். பள்ளிச் சிறுவர்க்கு ஓர் அட்டைப் பெட்டியில் ஊசித்துளையிட்டு, எதிர்ப்புறம் எண்ணெய்த் தாள் ஒட்டி, தெருவைத் தலைகீழாகக் காட்டுங்கள், ‘இதுவே இருட்டறை, இதுவே ஒளிப்படக் கருவியின் தாய்’ என்று சொல்லுங்கள். அச் சிறுவன் வியப்பால் விரிந்த கண்ணோடு கேட்கும் வினா தமிழில் இருக்கும். விடையும் தமிழில் இருக்கட்டும்!

ஒளி எந்நாட்டார்க்கும் பொது. அதனை அடைக்கும் பெட்டி யார் செய்ததாயினும் ஆகுக. அதன் பின்னே நின்று காணும் கண் தமிழ்க் கண்ணாக, அக் கண்ணுக்குப் பின்னே எண்ணும் உள்ளம் தமிழ் உள்ளமாக இருத்தல் வேண்டும். அன்றே இக் கலை தமிழன் கலையாகும்.

வெல்க தமிழ்!